லினக்ஸ் ஓசிதான்... டிரெயினிங் ஓசியா?

அரசு ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வாங்கினால் மட்டும் போதாது. சாப்ட்வேர் லைசென்சுக்கும் காசு கட்டணும். அது மக்கள் வரிப்பணம்.

'லினக்ஸ்' என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேருக்கு இந்த லைசென்ஸ் செலவு இல்லை. யாரும் காப்பி எடுக்கலாம், திருத்தலாம். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் கைவிரித்தபோது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்'சுக்கு மாறும்படி துறைகளுக்கு தமிழக அரசு சொன்னது.

ஆனால் சொன்னால் மட்டும் போதுமா? கேரள அரசுப் பள்ளிகளில் லினக்சை கொண்டுவந்தபோது வாத்தியார்களுக்கு டிரெயினிங் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தையும் அதற்கேற்ப மாற்றினார்கள். இதில் ரூ.3 ஆயிரம் கோடி மிச்சம் என்கிறது அம்மாநில அரசின் 'கைட்' நிறுவனம்.

டெண்டரில் விலையை மட்டும் பார்த்து பிரயோஜனம் இல்லை. சொல்லிக்கொடுக்கவும், கோளாறு வந்தால் சரிசெய்யவும் ஆள் வேணும். அதுக்கும் பணம் ஒதுக்கணும். இல்லாவிட்டால் ஓசி சாப்ட்வேர் மூலையில்தான் தூங்கும்.