குடுவையில் மிதந்தால் போதுமா?

சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த கணமே ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசிபோன்ற மணியாகத் திரண்டுவிடும். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையிலும் அது இருக்கிறது. கரைசலில் மருந்தோடு கால்சியம் கார்பனேட்டும் சேர்த்தால், இரைப்பை அமிலம் பட்டதும் கரியமில வாயு கிளம்பி மணிக்குள் சிக்கும். மணி மிதக்கும்.

சிறுகுடலின் மேற்பகுதியில் மட்டும் நன்றாக உறிஞ்சப்படும் மருந்துகளுக்கு இது பெரிய உதவி. வயிற்றில் தங்கிச் சிறுகச் சிறுகக் கசிந்தால், உறிஞ்சும் இடத்தைத் தாண்டி வீணாகும் அளவு குறையும். ஒற்றை மாத்திரை நழுவினால் மொத்த மருந்தும் போகும். மணிகளில் சில போனாலும் மற்றவை நிற்கும்.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. அதனால்தான் இந்த மணிகளைப் பற்றிய நம் ஆய்வேடுகள் வருத்தம் தருகின்றன. குடுவையில் 37 டிகிரியில் 900 மில்லி அமிலம், 12 மணி நேரம் மிதந்த மணிகளின் படம், அதோடு முடிவுரை. வெறும் வயிற்றில் அவ்வளவு திரவம் ஏது? இருப்பது சில பத்து மில்லிதான். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கூட்டித் தள்ளும் வலுவான சுருக்கம் வேறு வரும். உணவுக்குப் பின் கொடுத்தோமா, நோயாளி படுத்திருந்தாரா என்பதெல்லாம் குடுவைக்குத் தெரியாது.

மருந்துத் தேர்விலும் அவசரம். பலரும் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினையே எடுக்கிறார்கள். அதன் ஒரு வேளை அளவே 500 மில்லிகிராம். ஆல்ஜினேட்டும் சேர்ந்தால் எத்தனை கேப்சூல் விழுங்குவது? மெட்ஃபார்மின் நீரில் எளிதாகக் கரைவதால், மணி கெட்டிப்படும்போதே மருந்தில் கணிசமான பங்கு கால்சியம் நீருக்குள் போய்விடுகிறது. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசிமைடு அப்படியல்ல. 40 மில்லிகிராம் போதும், நீரில் அதிகம் கரையாது, உறிஞ்சப்படுவதும் மேற்பகுதியில்தான். உடலில் நீர் கோத்த முதியவர் மாத்திரை போட்ட கையோடு கழிவறைக்கு ஓடும் அவதியை, மெல்ல வெளிவிடும் மணிகள் தணிக்கக்கூடும்.

பக்கத்து மருத்துவக் கல்லூரியோடு கைகோத்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன், சில தன்னார்வலர்களிடமாவது மணிகளைச் சோதிக்க வேண்டும். மணியில் பேரியம் சல்பேட் கலந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் பேரியம் கனமானது. அதைத் தாங்கியும் மிதக்கும்படி வாயுவின் அளவை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

- கட்டுரையாளர், மருந்தாக்கவியல் பேராசிரியர்