பட்டப்பெயரும் மனப்புண்ணும்

நமது கரிசற் சீமையார் பட்டப்பெயர் சூட்டுவதில் வல்லவர். கோவில்பட்டியைச் சுற்றிய சிற்றூர்களிலே, பெற்றோர் இட்ட பெயரினும் ஊரார் இட்ட பெயராலேயே நன்கு அறியப்படுவோர் பலர். பெரும்பாலும் அஃது ஒரு வேடிக்கையே. நாமும் அதிற் கலந்து சிரித்ததுண்டு. ஆனால் ‘கடன்காரன்’, ‘குடிகாரன்’, ‘ராசியில்லாதவள்’, ‘பெயிலானவன்’ என்னும் பெயர்கள் வேடிக்கையல்ல. அவை ஒருவருக்கு நேர்ந்த இடரையே அவருக்குப் பெயராக்கி விடுகின்றன. பத்துமுறை பிறர் அவ்வாறு அழைப்பின், பதினோராம் முறை அவர் தம்மைத் தாமே அவ்வாறு அழைத்துக் கொள்கின்றார். மனப்புண் அங்கே தொடங்குகின்றது. அதனை ஆற்றுவதற்கு அமைந்த முறையொன்றைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஈண்டு வெளியிட விரும்புகின்றோம்.

கதைவழி மனச்சிகிச்சை என்று அதனைக் கூறலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்திலே சமூக ஊழியராயிருந்த மைக்கேல் ஒயிட் என்பாரும், நியூஸிலாந்தைச் சார்ந்த டேவிட் எப்ஸ்டன் என்பாரும் 1980-களில் இதனை வகுத்து, 1990-இல் நூல் வாயிலாக விளக்கினர். நோயாளிக்குக் கதை சொல்லி ஆறுதல் அளிக்கும் வைத்தியம் என்று இதனைக் கருதலாகாது. ஒவ்வொருவரும் தம் வாழ்வின் எண்ணிறந்த நிகழ்ச்சிகளுட் சிலவற்றை மட்டும் கோத்து, இதுவே நம் கதையென்று கொள்கின்றனர். கோவையிற் சேராதவை நடந்தும் நடவாதனபோல் மறைந்து போகின்றன. அவற்றைத் தேடி மீட்பதே இம்முறையின் நோக்கம். மனிதர் வேறு, அவரைப் பீடித்த இடர் வேறு என்று பிரித்தறிதலே அதன் முதற்படி.

மலத்தை அடக்க இயலாத சிறுவரைப் பற்றி ஒயிட் 1984-இல் ஒரு கட்டுரை வரைந்தார். குற்றத்தைப் பிள்ளைமேற் சுமத்தாது, திருட்டுத்தனமாய் வந்து மோசஞ்செய்யும் ஒரு போக்கிரியாக அவ்விடரையே உருவகித்துப் பெயரிட்டு, அப்போக்கிரியைப் பிள்ளை எப்பொழுதெல்லாம் வென்றது என்று வினவுவதே அவர் கையாண்ட வழி. இதனால் பெற்றோரும் பிள்ளையும் ஒரே கட்சியாய் நின்று இடரை எதிர்த்தல் கூடும்.

இனி நமது புஞ்சைகளுக்கு வருவோம். இது வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை பொய்ப்பின் பருத்தியும் உளுந்தும் பொய்க்கும். போதாக்குறைக்கு, 2018-இல் இந்நாட்டிற் காணப்பட்ட அயல்நாட்டுப் படைப்புழு, மக்காச்சோளத்தின் குருத்தைத் தின்று பெருநாசம் விளைத்தது. அதனாற் கடன்பட்ட ஒரு சம்சாரியை மனத்திற் கொள்வோம். கெடுத்தவை மழையும் புழுவும் வட்டியும்; ஊர் கூறுவதோ ‘வெள்ளாமை பார்க்கத் தெரியாதவன்’ என்பது. இம்முறையிற் பயின்றவர் அவருக்குப் புத்திமதி கூறார், வினவுவார். அவர் தம் துயரத்தை ‘நெஞ்சிலேறிய பாறாங்கல்’ என்று பெயரிட்டாராயின், “அண்ணாச்சி, அந்தக் கல் எப்பொழுது மிகுதியாய் அழுத்துகிறது? யாரோடு பேசவிடாமல் தடுக்கிறது? அது அழுத்தியும் நீங்கள் அதற்கு இணங்காத நாள் ஒன்று உண்டா?” என்று கேட்பார். கடன் கொடுத்தவர் வாசலில் நின்ற வாரத்திலும், அண்டை வீட்டாருக்கு விதையுளுந்தில் ஒரு படி அளந்து கொடுத்ததை அவர் நினைவு கூரலாம். எதனைப் பெரிதென்று மதித்து அதனைக் கொடுத்தார், அக்குணம் அவரிடம் உண்டென்று முன்னரே அறிந்தவர் யார் என்று வினா தொடரும். இவ்வாறு மறைந்து கிடந்த மற்றொரு கதை மெல்ல வெளிப்படும்.

ஒரே வீட்டிற்கு இரண்டு கதைகள் உண்டென்பதை நம் நாட்டார் அறியாதவரல்லர். 2021-இல் மறைந்த இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதையில், தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழைக் குடும்பத்தின் கதவு பெயர்த்துச் செல்லப்படுகின்றது. கணக்கேட்டில் அவ்வீடு வெறும் பாக்கி. குழந்தைகளுக்கோ அக்கதவு ஏறி விளையாடும் வண்டி.

மீட்ட கதை நிலைபெறுவதற்குச் சாட்சிகள் வேண்டும். ஆதலின் ஒயிட்டும் அவர் வழியினரும் நம்பத்தக்க சிலரை அழைத்து அதனைக் கேட்கச் செய்வர். வேதாகமத்திலே ரூத்தின் சரித்திரத்தை நோக்குக. பஞ்சத்தாற் பெத்லகேமை விட்டுச் சென்று, கணவனையும் மைந்தரையும் இழந்து திரும்பிய நகோமி, தன்னைக் கசப்பென்று பொருள்படும் மாராள் என்னும் பெயரால் அழைக்குமாறு வேண்டினாள். ஆயினும் அந்நூல் அவளை இறுதிவரை நகோமியென்றே வழங்குகின்றது. ரூத் பெற்ற குழந்தையைக் கண்டு, நகோமிக்குப் பிள்ளை பிறந்ததென்று மகிழ்ந்து பெயரிட்டவரும் அயல்வீட்டுப் பெண்களே. அவள் துயரத்தை எவரும் பொய்யென்றிலர். ஆனால் துயரம் அவள் பெயராகவில்லை.

இம்முறை குற்றவாளிக்குச் சாக்காகாதோ என்று சிலர் வினவலாம். மனைவியை அடித்துவிட்டு, ‘கோபம் அடித்தது’ என்பானுக்கு இஃது இடந்தருமாயின் வெறுக்கத்தக்கதே. இடரைப் பிரிப்பது பொறுப்பைக் கழிப்பதற்கன்று. குடிகாரன் என்பதற்கு மேல் தான் ஒன்றுமில்லையென்று நம்புகிறவனிடத்துக் குடியை எதிர்க்க யார் இருக்கின்றார்? வேறொரு மனிதன் தன்னுள் உண்டென்று கண்டவனே பொறுப்பேற்பான்.

இதன் எல்லையையும் கூறல் கடமை. வினாக்களால் மழை பெய்யாது, வட்டி குறையாது. பயிர்க் காப்பீடு வேண்டுமிடத்தே இதமான பேச்சை மட்டும் அளிப்பது கேலியாகும். அவமானமுற்றோர், பிரிவாற்றாதோர், இடரால் முத்திரையிடப்பட்ட பிள்ளைகள், ஒருவரையொருவர் குறைகூறிச் சோர்ந்த குடும்பத்தார் ஆகியோருக்கு இம்முறை பயன்படும். இல்லாத குரல்களைக் கேட்டு மருள்வோருக்கும், உயிரை மாய்க்க எண்ணுவோருக்கும் மருத்துவரே முதல் துணை. 2022-இல் அரசாங்கம் ஏற்படுத்திய 14416 என்னும் தொலைபேசி எண்ணையும் அன்னோருக்கு நாம் அறிவித்தல் வேண்டும்.

மாணவ அன்பர்காள்! சிகிச்சை செய்தல் பயின்றவர் தொழில். பட்டப்பெயரை நிறுத்துதல் நம் அனைவர் தொழில். பரீட்சையில் தவறி விடுதியின் மூலையில் அமர்ந்திருப்பவனை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம்? அவனருகே சென்று, அவன் தாய் இட்ட பெயரால் அழைத்து, “இந்த ஆண்டு உனக்கு எப்படிக் கழிந்தது?” என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்குமட்டும் பொறுமையாய்க் கேட்போமாக. பட்டம் பெறுதற்கு வந்த நாம், ஒருவருக்கும் பட்டப்பெயர் அளியாது செல்வோமாக.