போர்க் கதைகளைப் படிப்போம், மறுதரப்பையும் கேட்போம்

நண்பர் நால்வர் கூடுமிடத்திற் சரித்திர நாவலைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால், வழக்குக் கட்டும் மறந்துபோகும். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் நேரமும் மறந்துபோகும். 'சிவகாமியின் சபத'த்தில் வாதாபி எரிந்த கதையைச் சட்டத்தரணி சொல்லத் தொடங்குவார். முற்றுகையின் விவரங்களைக் கமக்காரர் திருத்திக் கொடுப்பார். இவ்வார்வம் நன்று. இதனை வீண்பொழுதென்று கடிவோருடன் நாம் உடன்படோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அரிசிப் பையோடும் காணி உறுதிகளோடும் 'பொன்னியின் செல்வன்' தொகுதிகளையும் சுமந்து சென்றோரைக் கண்டோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான மண் இது. நூலைச் சுமப்பதன் பொருளை நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

எனினும் ஒரு கேள்வி உண்டு. போரைக் கண்ணாற் கண்ட மக்கள் போர்க் கதையை எவ்வாறு படித்தல் வேண்டும்?

2009இல் போர் முடிந்த பின்னர் பிறந்த பிள்ளைகள் இந்நாவல்களை இன்று படிக்கின்றனர். 2022இலும் 2023இலும் வெளிவந்த திரைப்படங்களிலும் கண்டனர். அவருட் சிலர் நாவலைக் காணி உறுதிபோற் கையிலேந்தி, "நாம் வென்ற நாடு இது" என்று முழங்கத் தலைப்படுகின்றனர். இங்கேதான் நாம் ஆட்சேபிக்கிறோம். நாவல் உறுதியன்று, சாட்சியின் வாக்குமூலமும் அன்று. நமது உரிமைக்கு ஆதாரம், இன்று இம்மண்ணில் வாழும் மக்களும் அவர்தம் மொழியும் உழைப்புமே. ஆயிரம் ஆண்டுகட்கு முந்திய வெற்றியை ஆதாரமாக நீட்டுவோன், மற்றவன் தன் வெற்றியை நீட்டும்போது வாய்மூடி நிற்க நேரும். வெற்றியே உரிமை தருமாயின் தோல்வி உரிமையைப் பறித்துவிடுமன்றோ? அந்த வாதம் நமக்கே தூக்குக் கயிறாகும்.

ஆதாரங்களைச் சற்று நோக்குவோம். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், ஈழத்திற் படை நடத்தும் அருள்மொழிவர்மர் இந்நாட்டு மக்களின் விளைச்சலைத் தொட மறுக்கிறார். படைக்கு வேண்டிய உணவைச் சோழ நாட்டிலிருந்தே வரவழைக்க விரும்புகிறார். பிக்குகள் அளிக்க முன்வந்த முடியையும் ஏற்க மறுக்கிறார். படிக்கும் நெஞ்சம் நிமிர்கிறது. ஆனால் மறுதரப்புச் சாட்சியாகிய சூளவம்சமோ, சோழர் படை விகாரைகளைக் கொள்ளையிட்டதென்று கூறுகிறது. 1017 அளவிற் சிறைப்பட்ட ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டிலேயே மாண்டான் என்றும் உரைக்கிறது. அந்நூலை எழுதியோர் பிக்குகள். அவர்க்கும் ஒரு பக்கம் உண்டு. ஆதலாற் குறுக்கு விசாரணை இருவர்க்கும் பொது.

அதே சூளவம்சம் இன்னொன்றும் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன் நரசிம்ம பல்லவனை அடைந்து, அவனுக்காகப் போர் புரிந்து, பின் பல்லவர் படைத்துணையோடு அநுராதபுரத்து அரியணை ஏறினான். கல்கியும் அவனைத் தம் கதையிற் பாத்திரமாக்கினார். தொன்றுதொட்டுத் தமிழரும் சிங்களவரும் பகைவரே என்று இருபுறமும் முழங்குவோர், இச்சாட்சியை என்செய்வர்?

நமது வாசகர் வட்டத்தில் ஒருநாட் கமக்காரர் ஒருவர் வினவினார்: "உந்தப் படை போன வழியிலை வயல் விதைச்சிருந்தவன்ரை கதி என்ன, ஐயா?" நாம் விடையின்றி இருந்தோம். அவ்வினாவே போர்க் கதைகளை எடைபோடும் தராசென்று பின்னர் உணர்ந்தோம். செவஸ்தபோல் முற்றுகையிற் பீரங்கிப் படை அதிகாரியாக நின்றவர் டால்ஸ்டாய். 1869இல் முழுநூலாக வெளிவந்து, தமிழிற் 'போரும் வாழ்வும்' எனப் பெயர்பெற்ற தமது நாவலில், 1812இன் பொரடினோப் போரை அவர் பீயர் என்னும் போர்வீரனல்லாத ஒருவனின் கண்வழியே நமக்குக் காட்டினார். வேடிக்கை பார்க்கச் சென்றவன் கண்டது வீரத் திருவிழாவையன்று; புகையையும் குழப்பத்தையும் பிணங்களையுமே.

கல்கியின் கதைகளும் வாள்வீச்சிலே முடிவனவல்ல. வாதாபியை வென்ற பரஞ்சோதி வாளைத் துறக்கிறார். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் அவரே. சபதம் நிறைவேறிய சிவகாமிக்கு மணவாழ்வு கிட்டவில்லை. அருள்மொழிவர்மர் தமக்கு வந்த முடியைப் பிறர்க்கு ஈந்ததே 'தியாக சிகர'மாயிற்று. வென்றதைக் கொண்டாடுவோர், துறந்ததை ஏன் மறந்தனர்?

ஆகவே வாசிகசாலைகளை நடத்தும் அன்பர்க்கு நாம் கூறுவது இது: போர் நாவல்களைப் பூட்டி வையாதீர். கூடிப் படியுங்கள், கூடி மகிழுங்கள். பொன்னியின் செல்வனோடு சூளவம்சத்தையும் அதே மேசையில் வையுங்கள். இதனை எழுதியவர் யார், படைக்குச் சோறிட்டவர் யார், வீடு திரும்பாதவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். மூன்றாம் கேள்விக்கு விடை தெரியாது இன்றும் வாயிலை நோக்கியிருக்கும் தாய்மார் நம் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர்தம் முன்னிலையில் உரக்கப் படிக்கத்தக்க கதையே நல்ல போர்க் கதை.