ஓடிபி சொல்லாவிட்டால் மட்டும் போதுமா?

“ஓடிபி யாருக்கும் சொல்ல மாட்டேன், கண்ட லிங்கைத் தொட மாட்டேன். அப்புறம் எனக்கென்ன பயம்?” ஊட்டியில் லாட்ஜ் வரவேற்பறையிலும் ஜெராக்ஸ் கடையிலும் எஸ்டேட் லைன் வீட்டிலும் கேட்கிற பேச்சு இது. வங்கிகளும் காவல்துறையும் சொல்லிச் சொல்லிப் பதியவைத்த நல்ல பாடம்தான். ஆனால் அது பாதிப் பாடம். மீதிப் பாதி தெரியாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆதார் இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில் ஓடிபியே கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை, இவை மூன்றும் போதும். ஏடிஎம் தூரமாக இருக்கும் எஸ்டேட் ஊர்களுக்கு இது பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலைக் கருவி சட்டென்று ஏற்காது. “பதியலைம்மா, இன்னொருக்கா வைங்க” என்று கருவி வைத்திருப்பவர் சொன்னால் அந்த அம்மாவும் வைக்கிறார். முதல் தடவையே பதிந்திருந்தால், இரண்டாவது ரேகை இன்னொரு தடவை பணம் எடுக்கப் போதும். ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் மறுபடி விரல் வைக்கவே கூடாது.

ரேகை நம் விரலில்தானே இருக்கிறது என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. 2018-இல் தெலங்கானாவில் ஒருவர், பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை ரப்பரில் வார்த்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை உயிர்ப்பித்துப் பிடிபட்டார். ஆதார் எண்ணும் ரகசியம் இல்லை. 2021 ஜூனில் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண்கள் உட்பட, கசிந்திருப்பதாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. எண் வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவிடுவதுதான் வழி. ரேஷன் வாங்கப் போகிற நாளில் சற்று நேரம் திறந்துகொள்ளலாம். ஆதாரில் பதிந்த செல்போன் எண் கையில் இருந்தால்தான் இது நடக்கும். எண்ணை மாற்றிவிட்டு ஆதாரில் மாற்றாமல் விட்டவர்கள் முதலில் அதைச் செய்ய வேண்டும்.

“என் கணக்கில் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை, என்னிடம் எதைத் திருடுவான்?” உங்கள் பெயரைத் திருடுவான். அந்தப் பெயரில் சிம் வாங்குவான், கணக்குத் திறப்பான், எங்கோ யாரிடமோ ஏமாற்றிய பணத்தை அதன் வழியே கடத்துவான். கடனும் எடுப்பான். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனே தன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் எடுத்துவிட்டதாகப் புகார் சொன்னார். அவர் சொன்னால் செய்தியாகிறது. தேயிலைத் தொழிலாளி பெயரில் நடந்தால், வேறு மாநிலக் காவல்துறையின் சம்மன் வரும்வரை அவருக்கே தெரியாது. என்னை வருத்துவது அதுதான். சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, உங்களுடையது அல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுக்காத கடன் அதில் தெரிந்துவிடும்.

அடுத்து, சீசன் நேரத்தில் ஊட்டி முழுக்க ஒலிப்பது: “ரூம் வேணும்னா ஆதாரை வாட்ஸப்புல அனுப்புங்க சார், கொடுத்துத்தான் ஆகணும்.” தங்குபவரின் அடையாளத்தை விடுதி பார்க்கத்தான் வேண்டும், நியாயம். ஆனால் அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டலாம். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், ஆணையத்தின் உரிமம் பெறாத விடுதிகளும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைக்கக் கூடாது என்று எச்சரித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அதோடு வந்த விளக்கம் ‘வழக்கமான விவேகத்தோடு’ பயன்படுத்தச் சொன்னது. அந்தப் பின்வாங்கல் தவறு என்றே நினைக்கிறேன். எச்சரிக்கை போனாலும் அதில் சொன்ன வசதி இன்னும் இருக்கிறது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விடுதிக்கு அதை அனுப்புங்கள்.

இணையத்தில் இறக்கிய பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று ஜெராக்ஸ் கடைக்கு முழு ஆதாரையே அனுப்புகிறவர்கள் உண்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் அந்தக் கடவுச்சொல். உங்களைத் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். பிரிண்ட் எடுத்ததும் கடைக்காரர் கண்முன்னே கணினியிலும் போனிலும் அழிக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

“போனது போனதுதான், புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது?” பணம் போன சில மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்தால், அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் மூன்றாவது ஆளால் நடந்திருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், இழப்பு உங்கள் தலையில் விழக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. பணமே போகாமல் பெயர் மட்டும் போயிருந்தாலும் அது குற்றம்தான்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதற்கும் புகார் கொடுங்கள். உங்கள் பெயரில் யாரோ எடுத்த கடனை அறிக்கையிலிருந்து நீக்கக் கேட்கும்போதும், வெளிமாநில சம்மனுக்குப் பதில் சொல்லும்போதும், உங்கள் கையில் வலுவாக இருக்கப்போவது அன்றைய தேதி போட்ட அந்தப் புகாரின் நகல்தான்.