மண்வெட்டி பிடித்த படை

குச்சனூர் சனீஸ்வரர் கோயிலை ஒட்டிப் போகும் சுரபி ஆற்றையும், அதைச் சுற்றியுள்ள இருபோக நெல் வயல்களையும் வாழவைப்பது மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட பெரியாற்றுத் தண்ணீர். அதற்குக் காரணமான கர்னல் பென்னிகுவிக்குக்குக் கம்பம் பள்ளத்தாக்கு ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறது. லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் இருக்கிறது. 1887 முதல் 1895 வரை நடந்த அந்தப் பெரியாறு அணை வேலையில், கூலித் தொழிலாளர்களோடு, பாதை வெட்டவும் மண்வேலை செய்யவும் பழகிய சிப்பாய்களான மதராஸ் ராணுவத்தின் முதலாம், நான்காம் பயனியர் பட்டாலியன்களும் இறங்கின. அணையின் கதையைச் சொல்பவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1903-ல் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது அவை 61-வது, 64-வது பயனியர்கள் ஆயின. 1914 நவம்பரில் 61-வது படை கிழக்கு ஆப்பிரிக்காவில், ஜெர்மானியர் வசமிருந்த டாங்கா துறைமுகத்தில் போய் இறங்கியது. அணை முடிந்து ஏறத்தாழ இருபது வருடம் ஆகியிருந்ததால் ஆட்கள் பெரும்பாலும் மாறியிருப்பார்கள். ஆனால் படை அதே படை, கற்ற தொழிலும் அதே தொழில்.

உலகப் போர் என்றால் பஞ்சாபியும் கூர்க்காவும்தான் நினைவுக்கு வருகிறார்கள். மதராஸ் மாகாணத்துக்கு மிஞ்சுவது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்ட கதை. மாகாணத்தின் பங்கு சிறிது என்பதல்ல இதற்குக் காரணம், அதை அளக்கப் பிடித்த அளவுகோல்தான். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு ஆகமாட்டான் என்று முடிவுகட்டினார். பிறகு அவரே இந்தியா முழுமைக்கும் தளபதியானார். சில இனத்தாரே போருக்குத் தகுந்தவர்கள் என்ற 'போர்க்குல' வாதம் வேரூன்றி, மதராஸ் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பாலம் கட்டுகிற சாப்பர்களையும் பாதை வெட்டுகிற பயனியர்களையும் மட்டும் குறைக்காமல் விட்டுவைத்தார்கள். அந்த மிச்சம்தான் பின்னால் போரின் திருப்பங்களில் கைகொடுத்தது. மெசபடோமியாவில் 1916-ல் கூட் முற்றுகையில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அந்த அவமானத்தைத் துடைத்தது 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரானில், சுடுகிற எதிரியின் கண்ணெதிரே டைக்ரிஸ் ஆற்றைக் கடந்த செயல். கடந்தது 14-வது இந்திய டிவிஷன்; அதன் பொறியியல் பிரிவில் இருந்தவை மதராஸ் சாப்பர் கம்பெனிகள். அன்று மாலைக்குள் ஆற்றின் குறுக்கே பாலம் நின்றது. மார்ச் 11-ல் பாக்தாத் விழுந்தது. அந்தப் பாலம் இல்லாமல் காலாட்படை அக்கரையில் நிலைத்து நின்றிருக்க முடியாது.

டாங்காவை வைத்தே மதராஸ் படைகளின் திறமையை மறுப்பவர்கள் உண்டு. அங்கே ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை, ஆயிரம் பேர் அளவிலான ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படையிடம் தோற்றது. 63-வது பாளையங்கோட்டை காலாட்படை சிதறி ஓடியது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, ஒன்றாகப் பயிற்சியே பெறாத படைகளை, எதிரிக்கு முன்கூட்டியே தகவல் போய்ச் சேர்ந்த ஒரு கரையில், உளவு பார்க்காமல் இறக்கியது தளபதிகளின் செயல். முதல் நாள் தாக்குதலில் குலைந்தவர்களில் 'போர்க்குல'த்தின் 13-வது ராஜபுத்திரர்களும் இருந்தார்கள். அதைச் சொல்லி யாரும் ராஜபுத்திரப் படைகளைக் கலைக்கவில்லை. மதராஸ் காலாட்படையையோ 1920-களின் முடிவுக்குள் துடைத்தெடுத்தார்கள். 1933-ல் பயனியர்களும் போனார்கள்.

தேவை வந்ததும் கொள்கை காணாமல் போனது என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல் 1941-42-ல் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உருவானது. இன்றைய ஆந்திரக் கடலோரத்தையும் மலபாரையும் உள்ளடக்கிய அன்றைய மாகாணம், ஆள் அனுப்பியதில் பஞ்சாபுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. 'தம்பி' என்று படையில் அழைக்கப்பட்ட மதராஸ் சாப்பர்கள், வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியின் கசினோவிலும் 4-வது இந்திய டிவிஷனுக்கு வழி திறந்தார்கள். 1944-ல் இத்தாலியின் மிஞானோவில், வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியனே ஜார்ஜ் கிராஸ் விருதை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர். ஊரில் இருந்தவர்களும் போருக்குத் தப்பவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அதை நம்பியிருந்த மாகாணம், காவிரி, கோதாவரி, பெரியாறு பாய்ந்த தன் சொந்த வயல்களை நம்பிப் பங்கீட்டில் பிழைக்க வேண்டியதாயிற்று. கப்பலில் போகாத உழவனின் பங்கும் இந்தக் கணக்கில் சேரும்.

ஏகாதிபத்தியத்தின் போர்தானே, அதில் நமக்கென்ன பெருமை என்ற கேள்வி இதையெல்லாம்விடக் கனமானது. மக்களைக் கேளாமல் போரில் இழுத்துவிட்டதற்காக 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. சயாம்-பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரால் வதைபட்டு, மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிடக் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் சீருடை அணிந்தவரை மட்டும் போற்றினால் அது பாதி வரலாறு என்பது சரி. ஆனால் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த ஏழையைப் பேரரசின் கூட்டாளியாக்கிக் கணக்கிலிருந்து நீக்கினால் மற்ற பாதி போய்விடும். பென்னிகுவிக்கும் அதே பேரரசின் அதிகாரிதான். அவரை நினைக்கத் தடையாக இல்லாத காரணம், அவருக்குக் கீழே மண் சுமந்த சிப்பாய்க்கு மட்டும் எப்படித் தடையாகும்?

அவர்களை மறந்தது நாம் மட்டுமல்ல. மெசபடோமியாவில் மாண்டவர்களுக்கான பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ, எந்தப் படையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். இந்தப் பாரபட்சத்துக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டது. அதன் பதிவேட்டை இணையத்தில் எவரும் படையின் பெயரை வைத்துத் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. 61-வது, 64-வது பயனியர்களின் பெயர்களையும் மதராஸ் சாப்பர்களின் பெயர்களையும் பிரித்தெடுத்து, மாவட்டவாரியாகத் தமிழில் பதிப்பிக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை முன்வரலாம். ஆங்கில எழுத்தர்கள் சிதைத்து எழுதிய ஊர்ப் பெயர்களை அடையாளம் காண அந்தந்த ஊர்க்காரர்கள்தான் வேண்டும்.