கிணற்றடியில் ஒரு கலாசாலை

விடுமுறைக்குக் கெடாருக்கு வந்திருந்த கலாசாலை மாணவர் ஒருவரை, "உங்கள் கிணற்றில் தண்ணீர் இன்று எத்தனை அடியில் இருக்கிறது?" என்று கேட்டோம். நிலத்தடி நீரைப் பற்றிய பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவர், விடை தெரியாமல் விழித்தார். குற்றம் அவருடையதன்று, கிணற்றைக் காட்டாமலே கிணற்றைப் போதித்த முறையினுடையது.

2024 டிசம்பர் 1-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில், ஃபெஞ்சல் புயலால் நமது விழுப்புரம் ஜில்லாவின் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஏக்கருக்குச் சுமார் 20 லட்சம் லிட்டர்! அதில் ஏரியில் நின்றது எவ்வளவு, பூமிக்குள் இறங்கியது எவ்வளவு, கடலுக்கு ஓடியது எவ்வளவு? அளந்து பார்த்தவனே அறிவான்.

இதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டா. எஃகு நாடாவின் நுனியில் சாக்குக்கட்டியைப் பூசிக் கிணற்றில் இறக்குக. கிணற்று வாயில் பிடித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். ஆந்திராவின் ஏழு வறட்சி ஜில்லாக்களில், 2003-ம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தில், விவசாயிகளே மழையையும் கிணற்றையும் அளந்து, இருக்கும் நீருக்கேற்ற பயிரைத் தேர்ந்தார்கள். உழவர் செய்ததைப் பட்டதாரி செய்யலாகாதா?

சர்வகலாசாலையார் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஓர் ஏரியை ஓராண்டு ஒப்புவிக்கட்டும். அதுவரை, பெற்றோர்களே, விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் ஒரு நாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் கொடுங்கள். வாரந்தோறும் எழுதப்படும் அந்தக் கணக்கு, அடுத்த கோடையில் ஊருக்கே உதவும்.