குத்தகைக்கு வந்தவன் கிரயம் பண்ணிட்டுப் போன ஊர்

மழை விட்டு டிசம்பர் கடைசி ஆயிட்டா எங்க பக்கம் கார் வரத்து ஆரம்பிச்சுடும். சென்னை வண்டி, பெங்களூர் வண்டின்னு வரிசையா தரங்கம்பாடிக்குப் போகும். கோட்டை, கடல், பழைய வீதி, நாலு போட்டோ. திரும்பும்போது டீக்கடையில ஒரு பேச்சு அடிக்கடி காதுல விழும்: "வெள்ளைக்காரன்லயே டேனிஷ்காரன் நல்லவன்ங்க. நம்மள ஆளணும்னு வரல. அச்சு எந்திரம் கொடுத்தான், பள்ளிக்கூடம் வச்சான், சத்தமில்லாம போயிட்டான்."

நகரத்துலேர்ந்து இதைப் படிக்கிற நீங்களும் அப்படி நினைச்சிருக்கலாம். கடைமடையில நிலம் வச்சிருக்கிற ஆளா எனக்கு இதுல ஒரு மாற்றுக் கருத்து உண்டு.

முதல்ல கணக்குக்கு வருவோம். டென்மார்க்ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சது 1616ல. ஓவே கெட்டேங்கிறவர் தலைமையில கப்பல்கள் கிளம்புனது நம்ம ஊருக்கு இல்ல, இலங்கைக்கு. கண்டி ராஜாவுக்குப் போர்த்துக்கீசியரோட சண்டை. அதுக்குத் துணைக்கு வந்தாங்க. வந்து சேர்றதுக்குள்ள அங்க நிலைமை மாறிப்போச்சு. அதுக்கப்புறம்தான் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட பேசி, 1620 நவம்பர்ல ஒப்பந்தம் போட்டாங்க. நாயக்கர் தங்க ஏட்டுல எழுதிக் கொடுத்த கடிதம் இன்னைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. கடற்கரையில ஒரு சின்ன ஊர், கோட்டை கட்டிக்க அனுமதி, மிளகு வாங்கி ஏத்திக்க உரிமை. பதிலுக்கு தஞ்சாவூருக்கு வருஷா வருஷம் பணம்.

இதுக்கு எங்க ஊர்ல ஒரே பேருதான்: குத்தகை.

இப்ப 225 வருஷம் தள்ளி வாங்க. 1845ல டென்மார்க் அரசாங்கம் தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருந்த சீராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துச்சு. குத்தகைதாரன் நிலத்தைக் கிரயம் பண்ணினா எங்க ஊர்ல பஞ்சாயத்து கூடும், கோர்ட்டுக்குப் போகும். இங்க கேக்க நாதியில்ல. நிலத்தைக் கொடுத்த நாயக்கர் வம்சம் எப்பவோ முடிஞ்சுது. அடுத்து வந்த மராத்தியர் ஆட்சியும் 1799லயே இங்கிலீஷ்காரன் கைக்குள்ள போயாச்சு. ஊர்ல இருந்த மீனவர், நெசவாளி, வயல் வேலை செஞ்சவங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. மாட்டைக் கன்னோட விக்கிற மாதிரி ஊரை ஜனத்தோட வித்தாங்க.

இது நமக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. ஆப்பிரிக்காவுல, இப்ப கானான்னு சொல்ற கடற்கரையில இருந்த டேனிஷ் கோட்டைகளை 1850ல பிரிட்டனுக்கு வித்தாங்க. கரீபியன்ல அவங்க வச்சிருந்த மூணு கரும்புத் தீவுகளை 1917ல அமெரிக்காவுக்கு வித்தாங்க, இரண்டரைக் கோடி டாலருக்கு. அந்த விற்பனைக்கு டென்மார்க்ல இருந்த மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடந்துச்சு. தீவுல இருந்தவங்களுக்கு அதுல ஓட்டு கிடையாது.

"சரிங்க, வித்தாங்க. ஆனா கொடுமை பண்ணலையே"ன்னு அடுத்த கேள்வி வரும். சின்ன ஆளுங்கிறதும் நல்ல ஆளுங்கிறதும் ஒண்ணில்ல. 1640கள்ல ஆரம்பிச்சு 1669 வரைக்கும் டென்மார்க்லேர்ந்து ஒரு கப்பல்கூட தரங்கம்பாடிக்கு வரல. கோட்டைக்குள்ள இருந்தவங்க எப்படிப் பிழைச்சாங்க? வங்கக் கடல்ல போன வங்காளத்து வியாபாரிகளோட கப்பலை மடக்கிப் பிடிச்சு. வேற ஊர்க்காரன் செஞ்சா கடற்கொள்ளைன்னு சொல்லுவோம்.

அடுத்தது அடிமை விஷயம். சீகன்பால்கு 1706 ஜூலையில தரங்கம்பாடியில வந்து இறங்கினார். அவர் தமிழ் கத்துக்கிட்டது, அச்சகம் வந்தது, 1714ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சானது, பொறையாறுல காகித ஆலை வச்சது எல்லாம் நமக்குப் பெருமையான செய்திதான். ஆனா 1707ல அவர்கிட்ட முதன்முதலா ஞானஸ்நானம் வாங்கின அஞ்சு பேரு யாரு தெரியுமா? டேனிஷ்காரங்க வீட்டுல இருந்த அடிமைகள். அப்ப அந்த ஊர்ல அடிமை இருந்தாங்கங்கிறது தெளிவு. அடுத்த வருஷமே அந்த சீகன்பால்குவைக் கோட்டையில பூட்டி வச்சதும் டேனிஷ் கவர்னர்தான், நாலு மாசம். அதனால அச்சு எந்திரத்தோட புண்ணியத்தைக் கோட்டைக்காரங்க கணக்குல எழுதாதீங்க. அது தனிக் கணக்கு.

பக்கத்துல நாகப்பட்டினத்துல டச்சுக்காரன். 1659லேர்ந்து ரெண்டு மூணு வருஷம் தஞ்சாவூர்ச் சீமையில படையெடுப்பும் பஞ்சமும். சோறில்லாத ஜனம் ஆயிரக்கணக்குல விலைக்குப் போச்சு. டச்சுக் கப்பல்ல இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் போனாங்க. பத்தேவியாங்கிறது இப்ப ஜகார்த்தா. சோழநாடு சோறுடைத்துன்னு நாம சொல்லிக்கிற அதே மண்ணுலேர்ந்து.

நம்ம பங்கையும் சொல்லணும், இல்லேன்னா இது பாதிக் கணக்கு. அடிமை முறையை வெள்ளைக்காரன் கொண்டுவரல. ஆள் விக்கிறதுக்கு ஓலை எழுதுற வழக்கம் இங்க முன்னாடியே இருந்துச்சு. பண்ணையாள்னு பேரு வச்சு, தலைமுறை தலைமுறையா சேரி மக்களை வயலோட கட்டிப் போட்டிருந்தது நம்ம மிராசுதான். கப்பல்காரன் செஞ்சது என்னன்னா, அந்த ஏற்பாட்டுக்குக் கடல் தாண்டி ஒரு சந்தையைக் காட்டினான். விக்கிறவன் இங்க தயாரா இருந்தான், வாங்குறவன் அங்கேர்ந்து வந்தான். ரெண்டு பேரும் சேர்ந்தாதான் வியாபாரம்.

துணியும் அப்படித்தான். சோழமண்டலக் கரையில நெய்த பருத்தித் துணிக்கு ஆப்பிரிக்கக் கரையில நல்ல கிராக்கி. ஐரோப்பியக் கம்பெனிகள் அந்தத் துணியைக் கொடுத்து அங்க ஆளை வாங்குனாங்க. வாங்கின ஆளைக் கரும்புத் தீவுக்கு அனுப்புனாங்க. இங்க தறியில உக்காந்திருந்த மனுஷனுக்குத் தன் துணி எங்க போகுது, எதுக்கு விலையாகுதுன்னு தெரிஞ்சிருக்க வழியே இல்ல. விளைஞ்ச நெல்லு நம்ம களத்தை விட்டுப் போனப்புறம் யாரு என்ன விலைக்கு விக்கிறான்னு இன்னைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதனாலதான் அந்த நெசவாளியோட நிலைமை எனக்குச் சட்டுனு புரியுது.

கடைசியில ஊருக்கு என்ன மிஞ்சுச்சு? 1861ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துச்சு. கப்பலும் சரக்கும் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. காசு கொடுத்து வாங்கினவனுக்கே தரங்கம்பாடி தேவைப்படல. வர்த்தகத்துக்காகவே பெருக்கின ஊரு, வர்த்தகம் போனதும் அப்படியே நின்னுடுச்சு. நீங்க இப்ப "என்ன அமைதியான ஊரு"ன்னு ரசிக்கிறீங்களே, அந்த அமைதி இப்படி வந்ததுதான்.

டேனிஷ்காரங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. 2004 சுனாமியில ஊரே சிதைஞ்சப்ப உதவிக்கு வந்தவங்கள்ல அவங்களும் உண்டு. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கவும் அங்கேர்ந்து கை கொடுத்திருக்காங்க. இப்ப இருக்கிறவங்க நல்லவங்களா இருக்கலாம். அதுக்காக 1620 கணக்கை யாரும் தள்ளுபடி பண்ண முடியாது.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னு கேக்கலாம். டெல்டாவுல நிலத்துக்கு ஆள் வர்றது இன்னும் நிக்கல. எரிவாயுக் குழாய் போடணும்னு வர்றாங்க, இறால் பண்ணைக்குக் கேக்கிறாங்க, கடலோரத்துல ரிசார்ட் கட்டணும்னு அட்வான்ஸோட நிக்கிறாங்க. எல்லாருமே சிரிச்ச முகந்தான். எல்லாருமே "கொஞ்சம் இடம், சில வருஷத்துக்கு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ரகுநாத நாயக்கர் ஏமாளி இல்ல. நல்லாப் படிச்ச ராஜா. போர்த்துக்கீசியருக்கு ஒரு போட்டி இருந்தா நல்லதுன்னு யோசிச்சுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். தனக்கப்புறம் அந்த ஓலை யாரு கைக்குப் போகும்ங்கிறதை அவரால கட்டுப்படுத்த முடியல. நிலத்தை எழுதிக் கொடுக்கிறவன் பார்க்க வேண்டியது வர்றவனோட குணத்தை இல்ல, பத்திரத்துல இருக்கிற வாசகத்தை. யாருக்குக் கைமாத்தலாம், எப்ப திருப்பிக் கொடுக்கணும், யாரைக் கேக்கணும் — இது மூணும் எழுத்துல இல்லேன்னா அது குத்தகை இல்ல.

அடுத்த தடவை தரங்கம்பாடி வந்தா கோட்டையைத் தாராளமா பாருங்க. அப்படியே கொஞ்சம் வடக்கால நடந்து மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்க. டேனிஷ்காரன் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடி குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. கடல் பாதியைத் தின்னுடுச்சு. அங்க உள்ள கல்வெட்டுல இந்த ஊருக்குச் சடங்கன்பாடின்னு பேரு. கூட வர்ற பிள்ளைங்களுக்கு அந்தப் பேரையும் சொல்லிக் கொடுங்க. குத்தகைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இங்க ஊரு இருந்துச்சு, ஜனம் இருந்துச்சுன்னு அதுங்களுக்குத் தெரியணும்.